தவக்கால ஞாயிறு நற்செய்திகள் நம்மைக் கிணற்றடிக்கும் குளத்துக்கும் கல்லறைக்கும் அழைத்துச் செல்வது ஏன்?

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலத்தில் வெள்ளிதோறும் சிலுவைப்பாதை செய்கிறோம், இறைச்சி தவிர்த்துச் சுத்தபோசனம் காக்கிறோம், ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கிறோம். ஆனால் தவக்காலத்து ஞாயிறுகளில் வாசிக்கப்படும் நற்செய்திகளோ சமாரியப் பெண், பிறவியிலேயே பார்வையற்றவர், இலாசர் என்று வேறு திசையில் போகின்றனவே, இவற்றுக்கும் பாடுகளுக்கும் என்ன தொடர்பு, இவற்றை வைத்து வீட்டில் எப்படித் தியானிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மறையுரைகளில் இதற்குப் பெரும்பாலும் பதில் கிடைப்பதில்லை. அந்தந்த ஞாயிற்றின் செய்தி தனித்தனியே விளக்கப்படுகிறதே ஒழிய, ஏன் இந்த வரிசை என்பது சொல்லப்படுவதில்லை. அந்த வரிசை புரிந்துவிட்டால் நோன்பு, செபம், சிலுவைப்பாதை எல்லாம் ஒரே சாலையில் வந்து சேர்வதைக் காணலாம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நேரடியான பதில் இதுதான்: இந்த நற்செய்திகள் திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், பெறப்போகிறவர்களுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. நாற்பது நாள் தவக்காலத்தைப் பற்றிய குறிப்பு 325-ஆம் ஆண்டு ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் ஐந்தாம் விதியிலேயே காணப்படுகிறது. அந்த நூற்றாண்டில் பாஸ்கா இரவில், அதாவது உயிர்ப்பு ஞாயிற்றுக்கு முந்திய இரவில், திருமுழுக்குப் பெறுவதற்காக வயது வந்தவர்கள் கூட்டங்கூட்டமாக வந்தார்கள். அவர்களை ஆயத்தப்படுத்துவதே இந்த நாள்களின் நடுவேலையாக இருந்தது. 380-களில் எருசலேமுக்குத் திருப்பயணம் சென்ற எகேரியா என்ற பெண் தாம் கண்டதை எழுதி வைத்திருக்கிறார். திருமுழுக்குக் கேட்பவர்களின் பெயர்கள் முதலில் பதிவு செய்யப்படும். பிறகு ஒவ்வொருவராக ஆயர் முன் வந்து நிற்க, அவர் அக்கம்பக்கத்தாரை அழைத்து, இவர் ஒழுங்காக வாழ்கிறாரா, பெற்றோரை மதிக்கிறாரா, குடிப்பழக்கம் உண்டா என்று விசாரிப்பார். அதன்பின் வாரக்கணக்கில் நாள்தோறும் காலையில் மூன்று மணி நேரம், தொடக்கநூலிலிருந்து ஆரம்பித்து மறைநூல் முழுவதையும் அவர்களுக்கு விளக்குவார். புனித அகுஸ்தினார் 387-இல் மிலான் நகரில் ஆயர் அம்புரோசின் கையால் திருமுழுக்குப் பெற்றதும் இப்படி ஒரு தவக்காலத்தின் முடிவில், பாஸ்கா இரவில்தான்.

பிற்காலத்தில் குழந்தைத் திருமுழுக்கு எங்கும் வழக்கமானதும் வளர்ந்தோர் ஆயத்தம் மறைந்து, தவக்காலத்தின் மற்றொரு பக்கமான பாவப் பரிகாரம் மட்டும் மக்கள் மனத்தில் நின்றுவிட்டது. பழைய உரோமைத் திருப்பலி நூலில் இந்த மூன்று யோவான் நற்செய்திப் பகுதிகளும் இருக்கத்தான் செய்தன. ஆனால் வாரநாள்களுக்குத் தள்ளப்பட்டிருந்தன. சமாரியப் பெண் மூன்றாம் வார வெள்ளியிலும், பார்வையற்றவர் நான்காம் வாரப் புதனிலும், இலாசர் அதே வார வெள்ளியிலும் வாசிக்கப்பட்டதால், ஞாயிறு மட்டும் கோவிலுக்கு வந்தவர்கள் அவற்றைக் கேட்கும் வாய்ப்பே இல்லாமல் போனது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், 109-ஆம் எண்ணில், தவக்காலத்துக்குத் திருமுழுக்கு, மனமாற்றம் என இரு தன்மைகள் உண்டு என்று சொல்லி, மங்கிப்போயிருந்த திருமுழுக்குத் தன்மையை மீண்டும் வெளிக்கொணரும்படி கேட்டுக்கொண்டது. அதன் விளைவாக 1969-இல் வந்த, மூன்று ஆண்டுச் சுழற்சியில் அமைந்த புதிய வாசக ஒழுங்கில் இந்த மூன்றும் முதலாம் ஆண்டின் மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளுக்குத் திரும்பி வந்தன. 2026-ஆம் ஆண்டு அந்த முதலாம் ஆண்டுதான்.

நோன்பைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. திருநீற்றுப் புதனும் புனித வெள்ளியும் நோன்பு நாள்கள். 18 வயது நிறைந்தவர்கள் 60-ஆம் வயது தொடங்கும்வரை அதற்குக் கட்டுப்பட்டவர்கள். இறைச்சி தவிர்க்கும் கடமை 14 வயது நிறைந்த எல்லாருக்கும் உண்டு. இவை அனைவரும் அறிந்தவை. ஆனால் நோன்பின் வேரும் திருமுழுக்கில் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை. திருத்தூதர்களின் போதனை என்ற பெயரில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய கிறிஸ்தவ ஏடு, திருமுழுக்குக்கு முன் அதைப் பெறுபவரும் கொடுப்பவரும் நோன்பிருக்க வேண்டும், இயன்ற மற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து நோன்பிருக்கட்டும் என்று சொல்கிறது. ஆகவே நம் வீட்டில் பெரியவர்கள் ஒருவேளை மட்டும் உண்டு ஒருசந்தி பிடித்தது தங்கள் பாவத்துக்காக மட்டுமல்ல. புதிதாகப் பிறக்கப்போகும் பிள்ளைகளுக்காகத் திருச்சபை என்னும் தாய் ஏற்கும் பத்தியமும் அதில் அடங்கியிருக்கிறது. திருநீற்றுப் புதனுக்குப் பின்வரும் வெள்ளியன்று வாசிக்கப்படும் எசாயா 58-ஆம் அதிகாரத்தையும் இதோடு சேர்த்துப் படியுங்கள். நோன்பு நாளில் வேலையாள்களை ஒடுக்கி, வழக்காடிச் சண்டையிட்டுக்கொண்டே தலையை நாணல்போல் தாழ்த்திச் சாக்கில் படுப்பதா நான் விரும்பும் நோன்பு என்று கேட்கிற இறைவன், பசித்தோர்க்கு உணவைப் பகிர்வதையும் வீடற்றோரை இல்லத்துக்கு அழைத்து வருவதையும் நோன்பு என்கிறார். சேமித்த இறைச்சிக் காசு எங்கே போகிறது என்பதை வீட்டில் ஒருநாள் உட்கார்ந்து பேச இந்த வாசகம் போதும்.

இனி ஞாயிறுகளுக்கு வருவோம்.

முதல் ஞாயிற்றில் பாலைநில சோதனை. மத்தேயு இதை எங்கே வைத்திருக்கிறார் என்று பாருங்கள்: யோர்தானில் திருமுழுக்குப் பெற்று, 'என் அன்பார்ந்த மகன் இவரே' என்ற குரல் கேட்டவுடன். அலகை, அதாவது சாத்தான், தொடுவதும் அந்தக் குரலைத்தான். 'நீர் இறைமகன் என்றால்' என்று இரண்டு முறை தொடங்குகிறது. கல்லை அப்பமாக்குவதோ கோவில் உச்சியிலிருந்து குதிப்பதோ அதன் நோக்கம் அல்ல. தந்தை சொன்ன சொல்லை மகன் ஐயுற வேண்டும், நிரூபித்துக் காட்டினால்தான் தாம் மகன் என்று எண்ண வேண்டும் என்பதே அதன் நோக்கம். இயேசு தரும் மூன்று மறுமொழிகளும் இணைச்சட்ட நூலின் 6, 8-ஆம் அதிகாரங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. பாலைநிலத்தில் இஸ்ரயேல் தோற்ற இடங்களை நினைவூட்டுபவை. பசியில் முணுமுணுத்தார்கள், மாசாவில் கடவுளைச் சோதித்தார்கள், பொற்கன்றை வணங்கினார்கள். மகன் அந்த இடங்களில் நிலைத்து நிற்கிறார். அலகையும் மறைநூலை மேற்கோள் காட்டுகிறது, அதுவும் நாம் ஆபத்து வேளையில் செபிக்கும் 91-ஆம் திருப்பாடலிலிருந்து, என்பது நம்மை எச்சரிக்க வேண்டும். வசனம் தெரிந்திருப்பதும் தந்தையை நம்புவதும் ஒன்றல்ல.

நீங்கள் கேட்ட பாடுகளின் தொடர்பு இங்கேயே தொடங்கிவிடுகிறது. அதே மத்தேயு 27-ஆம் அதிகாரத்தில், சிலுவையின் கீழ் நிற்பவர்கள் அதே சொற்களை எடுத்து, நீ இறைமகன் என்றால் சிலுவையிலிருந்து இறங்கி வா என்கிறார்கள். பாலைநிலத்தில் தொடங்கிய சோதனை கல்வாரியில்தான் முடிகிறது. அவர் இறங்கி வராமல் இருந்ததே மகன் என்பதற்குச் சான்று. திருமுழுக்கில் நமக்கும் அதே குரல் கேட்டிருக்கிறது. வேலை போனபோது, நோய் வந்தபோது, பிள்ளை வழிதவறியபோது, 'நீ கடவுளின் பிள்ளை என்றால் உனக்கு ஏன் இப்படி?' என்று உள்ளே கேட்கும் குரலை இந்த வாரம் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

இரண்டாம் ஞாயிற்றின் தோற்ற மாற்றத்தைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். மலைமேல் உடன் சென்ற பேதுரு, யாக்கோபு, யோவான் ஆகிய மூவரையே கெத்சமனியிலும் இயேசு தம்மோடு அழைத்துச் செல்கிறார். ஒளிர்ந்த முகத்தைக் கண்ட அதே கண்கள் தரையில் விழுந்து மன்றாடும் முகத்தையும் காண வேண்டியிருந்தது. அன்றைய முதல் வாசகத்தில் ஆபிராம் தம் நாட்டையும் தந்தை வீட்டையும் விட்டுப் புறப்படுவதைக் கேட்கிறோம். ஒளி தங்கி இளைப்பாறுவதற்கு அல்ல, கீழே இறங்கி நடப்பதற்கே தரப்பட்டது என்பதை இரண்டு வாசகங்களும் சேர்ந்து சொல்கின்றன.

மூன்றாம் ஞாயிற்றில் யோவான் 4. தவக்கால நற்செய்திகளில் நான் அதிக நேரம் செலவிடுவது இந்தப் பகுதியில்தான். இயேசு கலிலேயாவுக்குப் போகும் வழியில் சமாரியாவின் சிக்கார் என்ற ஊரருகே யாக்கோபின் கிணற்றண்டை களைத்துப்போய் உட்காருகிறார், நேரம் நண்பகல். இன்றைய நாபுலஸ் நகருக்கு அருகில் அந்தக் கிணறு இன்னும் இருக்கிறது. அதன்மேல் கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கோவில் ஒன்று எழும்பியிருக்கிறது. கடவுளின் மகன் அங்கே முதலில் பேசும் சொல் ஒரு கட்டளையோ போதனையோ அல்ல, குடிக்கத் தண்ணீர் கொடும் என்ற வேண்டுகோள்.

அந்தப் பெண் அதிர்ந்துபோவதற்குக் காரணம் இருக்கிறது. யூதர் சமாரியரோடு பழகுவதில்லை என்று நற்செய்தியாளரே குறித்திருக்கிறார். அவள் மொண்டு தரும் பாத்திரத்தில் வாய் வைத்துக் குடிப்பது ஒரு யூதருக்கு நினைத்துப் பார்க்க முடியாத செயல். நம் மண்ணில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஊர்க்கிணறு யாருக்கு, ஒதுக்குப்புறத்துக் கிணறு யாருக்கு என்று பிரித்து வைத்த, தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை வைத்த ஊர்களில்தான் நம் பங்குகளும் இருக்கின்றன. உயிருள்ளோர் உட்கார இருக்கையையும் இறந்தோரைப் புதைக்கக் கல்லறைத் தோட்டத்தையும் சாதிவாரியாகப் பிரித்த வரலாறு தமிழகத் திருச்சபைக்கும் உண்டு. தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிற்றில் இந்த நற்செய்தியைக் கேட்டுவிட்டு அந்தப் பிரிவினையை மனத்தில் வைத்திருப்பவர், கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும் ஆண்டவரைக் கடந்துதான் வீட்டுக்குப் போகிறார். இதை நான் மென்மையாகச் சொல்ல விரும்பவில்லை.

இந்தப் பெண்ணைப் பற்றி நம்மிடையே வழங்கும் விளக்கம் ஒன்றையும் மறுக்க வேண்டியிருக்கிறது. அவள் நடத்தை கெட்டவள், அதனால்தான் வெட்கப்பட்டு யாரும் வராத நண்பகலில் தண்ணீர் எடுக்க வந்தாள் என்று மறையுரைகளில் அடிக்கடி கேட்கிறோம். பாடத்தில் அப்படி ஒன்றும் இல்லை. ஐந்து கணவர் இருந்ததும் இப்போது இருப்பவர் கணவர் அல்ல என்பதும் சொல்லப்படுகின்றன. ஏன் அப்படி ஆனது என்பது சொல்லப்படவில்லை. மணவிலக்கு பெரும்பாலும் ஆண்களின் கையில் இருந்த காலத்தில் அவள் அடுத்தடுத்துக் கைம்பெண் ஆகியிருக்கலாம், கைவிடப்பட்டிருக்கலாம். இயேசு அவளைக் கண்டிக்கவில்லை, மன்னிப்புக் கேட்கச் சொல்லவுமில்லை. அவள் சொன்னது உண்மை என்று மட்டும் இரண்டு முறை ஏற்றுக்கொள்கிறார். மேலும், முந்திய அதிகாரத்தில் நிக்கதேம் என்ற பெரிய மறைநூல் ஆசிரியர் இரவில் வந்து, புரியாமல் திகைத்துப் பேச்சில் பாதியிலேயே மறைந்துவிடுகிறார். பெயர்கூடச் சொல்லப்படாத இந்தப் பெண்ணோ பட்டப்பகலில் ஆண்டவரோடு வழிபாட்டைப் பற்றியும் மெசியாவைப் பற்றியும் வாதிட்டு நிற்கிறாள். யோவான் நம்மை ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்வது இந்த இரண்டு பேரைத்தான்.

அவளது நம்பிக்கை வளர்வதை அவள் வாய்ச்சொல்லாலேயே பின்தொடரலாம். முதலில் அவர் வெறும் யூதர், பிறகு மரியாதையோடு 'ஐயா', பிறகு இறைவாக்கினர், பிறகு மெசியாவாக இருப்பாரோ என்ற கேள்வி, இறுதியில் ஊராரின் வாயில் உலகின் மீட்பர். ஒரு நாளில் நடந்த இந்தப் பயணத்தைத்தான் திருமுழுக்குக்கு ஆயத்தமாவோர் மாதக்கணக்கில் நடக்கிறார்கள். தண்ணீருக்காகக் கொண்டுவந்த குடத்தை அங்கேயே விட்டுவிட்டு அவள் ஊருக்குள் ஓடுகிறாள். மீட்பரை முழுதும் அறிந்த பிறகு அல்ல, 'இவர் மெசியாவாக இருப்பாரோ' என்ற நிலையிலேயே அவள் நற்செய்தி அறிவிக்கிறாள் என்பது நம்மில் பலருக்கு ஆறுதல் தர வேண்டும்.

பாடுகள் எங்கே என்று கேட்டீர்கள். இதே யோவான் 19-ஆம் அதிகாரத்தில் பிலாத்து இயேசுவைச் சாவுக்குக் கையளிக்கும் நேரமும் நண்பகல். சிலுவையில் அவர், 'தாகமாய் இருக்கிறது' என்கிறார். கிணற்றடியில் தண்ணீர் கேட்ட அதே தாகம் அது. அவருடைய விலாவைக் குத்தியபோது இரத்தமும் தண்ணீரும் வடிந்தன. சமாரியப் பெண்ணுக்கு வாக்களித்த தண்ணீர் ஊற்றெடுப்பது அங்கேதான். அன்றைய முதல் வாசகத்தில் மோசே பாறையைக் கோலால் அடிக்க, தண்ணீர் வெளிவருகிறது. பாறை அடிபட்ட பிறகே மக்கள் குடிக்கிறார்கள். அந்த ஞாயிற்றின் திருப்பலித் தொடக்கவுரையும், அப்பெண்ணிடம் தண்ணீர் கேட்டபோதே கிறிஸ்து அவளுக்குள் நம்பிக்கையைத் தோற்றுவித்திருந்தார், அவளது நம்பிக்கையின் மேல்தான் அவர் தாகம் கொண்டார் என்ற பொருளில் அமைந்திருக்கிறது. இந்த வாரச் சிலுவைப்பாதையில் இயேசு உயிர்விடும் பன்னிரண்டாம் நிலைக்கு வரும்போது இந்தக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் ஞாயிற்றில் யோவான் 9. பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்டதும் சீடர்கள் கேட்கும் முதல் கேள்வி, இவர் இப்படிப் பிறக்கக் காரணம் யார் செய்த பாவம், இவர் செய்ததா, இவருடைய பெற்றோர் செய்ததா என்பது. துன்பப்படும் ஒருவரைப் பார்த்தால் உதவுவதற்கு முன் காரணம் தேடுவது நமக்கும் பழக்கம். ஊனத்தோடு பிறந்த குழந்தையின் தாயிடம் 'என்ன பாவம் செய்தோமோ' என்று கிறிஸ்தவ வீடுகளிலும் பேசுகிறோம். இயேசு அந்தக் கேள்வியையே ஏற்க மறுக்கிறார். இவரும் பாவம் செய்யவில்லை, இவர் பெற்றோரும் செய்யவில்லை, கடவுளின் செயல் இவரில் வெளிப்படும் என்கிறார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. குனிந்து தரையில் உமிழ்ந்து சேறு உண்டாக்கி அவர் கண்களில் பூசுகிறார். மண்ணிலிருந்து மனிதரை உருவாக்கிய கை மீண்டும் மண்ணைத் தொடுகிறது என்று பழங்காலத் திருச்சபைத் தந்தையர் இதை விளக்கியிருக்கிறார்கள். பிறகு அவரைச் சிலோவாம் குளத்துக்குப் போய்க் கழுவச் சொல்கிறார். அந்தக் குளத்தின் படிக்கட்டுகள் 2004-இல் எருசலேமில் நடந்த அகழாய்வில் வெளிப்பட்டன.

இந்த அதிகாரத்தில் பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. ஏழாம் வசனத்தில் அவரை அனுப்பிவிட்ட பிறகு, முப்பத்தைந்தாம் வசனம்வரை இயேசு காட்சியிலேயே இல்லை. கழுவிவிட்டுப் பார்வையோடு திரும்பிய மனிதர் தனியாக நின்று எல்லாரையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. அண்டை வீட்டார், இவரா அவர் என்று சந்தேகிக்கிறார்கள். பரிசேயர் ஓய்வுநாளைச் சொல்லி விசாரிக்கிறார்கள். பெற்றோரோ, அவன் வயது வந்தவன், அவனிடமே கேளுங்கள் என்று ஒதுங்கிக்கொள்கிறார்கள்; தொழுகைக்கூடத்திலிருந்து விலக்கிவிடுவார்கள் என்ற பயம். பெற்ற பிள்ளை முதன்முறையாகத் தங்கள் முகத்தைப் பார்த்த நாளில் அவர்களால் அதைக் கொண்டாட முடியவில்லை. பயம் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான காட்சி நற்செய்திகளில் வேறு எங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அவரது நம்பிக்கை வளர்வது அந்த விசாரணைக்குள்தான். இயேசு எனப்படும் மனிதர் என்று முதலில் சொல்கிறார். அழுத்திக் கேட்டபோது, அவர் ஓர் இறைவாக்கினர் என்கிறார். இன்னும் நெருக்கியபோது, அவர் கடவுளிடமிருந்து வந்தவர், இல்லையென்றால் இப்படிச் செய்திருக்க முடியாது என்கிறார். வெளியே தள்ளப்பட்ட பிறகு, 'ஆண்டவரே, நம்பிக்கை கொள்கிறேன்' என்று வணங்குகிறார். எதிர்ப்பு ஒவ்வொரு படியிலும் அவரை இன்னும் தெளிவாகப் பார்க்க வைக்கிறது. அதே வேளையில் கேள்வி கேட்டவர்கள் ஒவ்வொரு படியிலும் குருடாகிறார்கள். தனக்குத் தெரியாததை அவர் தெரிந்ததுபோல் சொல்வதில்லை: அவர் பாவியா இல்லையா என்பது எனக்குத் தெரியாது, ஒன்று மட்டும் தெரியும், பார்வையற்றவனாய் இருந்தேன், இப்போது பார்க்கிறேன். நம்பிக்கைக்காக வாதாட நேரும்போது இந்த நேர்மை நமக்குப் போதும்.

வெளியே தள்ளப்பட்டார் என்று கேள்விப்பட்டு இயேசு அவரைத் தேடிப் போகிறார் என்பதே இந்த அதிகாரத்தின் பாஸ்காப் பொருள். ஏனென்றால் தள்ளப்படும் இடத்துக்கு அவரும் போகப்போகிறார். நகர வாயிலுக்கு வெளியே துன்புற்றார் என்று எபிரேயர் திருமுகம் சொல்வது அதைத்தான். திருமுழுக்குப் பெறுவதால் வீட்டாரையும் உறவையும் இழக்க நேரும் ஒருவர் இந்த நற்செய்தியைக் கேட்டால் அது எவ்வளவு ஆழமாகப் பதியும் என்று எண்ணிப் பாருங்கள். அன்று பாடப்படும் 23-ஆம் திருப்பாடலில் நீர்நிலை, எண்ணெய், விருந்து எல்லாம் வருகின்றன; பாஸ்கா இரவின் தண்ணீரும் கிறிஸ்மாத் தைலமும் நற்கருணையும் அவற்றில் தெரிகின்றன.

ஐந்தாம் ஞாயிற்றில் யோவான் 11. இலாசர் நோயுற்றிருக்கிறார் என்று சகோதரிகள் ஆளனுப்புகிறார்கள். இயேசு அவர்களிடம் அன்பு கொண்டிருந்தார் என்று சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அவர் இருந்த இடத்தில் இன்னும் இரண்டு நாள் தங்கினார் என்கிறார் யோவான். அன்பும் தாமதமும் அடுத்தடுத்து நிற்கும் இந்த இரண்டு வசனங்களை, செபித்தும் பதில் வராத வேதனையில் இருப்பவர்கள் வேகமாகக் கடந்துவிடக் கூடாது. மார்த்தாவும் மரியாவும் தனித்தனியே வந்து ஒரே குறையைச் சொல்கிறார்கள்: ஆண்டவரே, நீர் இங்கே இருந்திருந்தால் என் சகோதரன் இறந்திருக்க மாட்டான். இயேசு அதற்குக் கோபப்படவில்லை. மார்த்தாவிடம், 'உயிர்த்தெழுதலும் வாழ்வும் நானே' என்கிறார். மரியாவோடு சேர்ந்து அழுகிறார். ஒருத்திக்கு அறிவிப்பு தேவைப்பட்டது, மற்றவளுக்குக் கண்ணீர் தேவைப்பட்டது. துக்க வீட்டுக்குப் போகும்போது நாம் எல்லாருக்கும் ஒரே வசனத்தைச் சொல்லிவிட்டு வருவது சரியா என்று இந்தப் பகுதி கேட்கிறது.

தோமாவைப் பற்றியும் ஒரு சொல். யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிந்து கொல்வார்கள் என்று மற்றச் சீடர்கள் தயங்கும்போது, நாமும் செல்வோம், அவரோடு இறப்போம் என்று சொன்னவர் அவர். அவரது கல்லறை மயிலாப்பூரில் இருந்தது என்பது நம் மரபு. ஆனாலும் நாம் அவரை ஐயுற்றவர் என்றே நினைவில் வைத்திருக்கிறோம். தவக்காலத்தின் இந்த ஞாயிற்றில் அவரது துணிவை நினைவுகூர்வது நம் கடன்.

பெத்தானியா எருசலேமிலிருந்து ஏறக்குறைய மூன்று கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கே கல்லறைக் கல்லைப் புரட்டச் சொன்னபோது, நான்கு நாள் ஆயிற்று, நாற்றம் அடிக்குமே என்கிறாள் மார்த்தா. சற்று முன்தான் நம்பிக்கையை அறிக்கையிட்டவள் அவள். இலாசர் வெளியே வந்தபோது காலும் கையும் துணியால் கட்டப்பட்டிருந்தன, முகமும் மூடியிருந்தது. உயிர் கொடுத்தது ஆண்டவர். கல்லைப் புரட்டியதும் கட்டுகளை அவிழ்த்ததும் சுற்றி நின்றவர்கள். ஒருவர் மனம் திரும்பும்போது பங்குச் சமூகத்துக்கு இருக்கும் வேலை இதுதான். மனம் திரும்பியவரைப் பழைய பெயரிட்டே அழைத்துக்கொண்டிருப்பவர்கள் அந்தக் கட்டை அவிழ்க்க மறுக்கிறார்கள்.

இந்த நற்செய்தி திருப்பலியில் 45-ஆம் வசனத்தோடு முடிகிறது. நீங்கள் வீட்டில் 53-ஆம் வசனம்வரை படியுங்கள். இலாசரை எழுப்பியதன் விளைவாகவே தலைமைச் சங்கம் கூடி, அன்றிலிருந்து இயேசுவைக் கொல்லத் திட்டமிடுகிறது. நண்பன் கல்லறையை விட்டு வெளியே வருவதற்கு அவர் தாமே கல்லறைக்குள் போக வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு குருத்தோலை ஞாயிறு.

இந்த மூன்று நற்செய்திகளும் பாடுகளோடு இணையும் இடத்தைப் பாஸ்கா இரவில் வாசிக்கப்படும் உரோமையர் 6-ஆம் அதிகாரம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது. கிறிஸ்து இயேசுவோடு இணைந்திருக்கத் திருமுழுக்குப் பெற்ற நாம் அவருடைய சாவிலே பங்கு பெறத் திருமுழுக்குப் பெற்றோம் என்கிறார் பவுல். தண்ணீரும் சிலுவையும் வெவ்வேறு தியானங்கள் அல்ல. பதினான்கு நிலைச் சிலுவைப்பாதையின் இன்றைய வடிவம் 1731-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் காலத்தில் உறுதியானது. நோன்பும் இந்த நற்செய்திகளும் அதைவிடப் பல நூற்றாண்டு மூத்தவை. ஆனால் பதினான்காம் நிலையில் ஆண்டவரோடு அடக்கம் செய்யப்பட்டு, பாஸ்கா இரவில் தண்ணீரிலிருந்து அவரோடு எழுகிறோம் என்று எண்ணிச் செய்தால் பக்திமுயற்சியும் திருவழிபாடும் தாமே கைகோத்துக்கொள்ளும்.

மற்ற இரண்டு ஆண்டுகளில் வேறு நற்செய்திகள் வரும். இரண்டாம் ஆண்டில் கோவிலைத் தூய்மைப்படுத்துவதும், நிக்கதேமோடு உரையாடலும், மண்ணில் விழும் கோதுமை மணியும். மூன்றாம் ஆண்டில் காய்க்காத அத்திமரமும், காணாமற்போன மகனும், விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணும். அவை சிலுவையையும் மனமாற்றத்தையும் முன்வைப்பவை, அழகானவை. ஆனால் திருமுழுக்குக்கு ஆயத்தமாவோர் உள்ள பங்கில் எந்த ஆண்டிலும் முதலாம் ஆண்டின் வாசகங்களையே எடுத்துக்கொள்ளலாம் என்று திருச்சபை அனுமதித்திருக்கிறது.

வீட்டில் தியானிப்பதைப் பற்றிக் கேட்டதற்கு என் யோசனை எளியது. இந்த மூன்று பகுதிகளுக்கும் சுருக்க வடிவம் உண்டு; பல பங்குகளில் நேரம் கருதி அதையே வாசிக்கிறார்கள். ஆகவே சனிக்கிழமை மாலை, வீட்டுச் செபத்தின்போது, அதிகாரம் முழுவதையும் ஒருவர் கதைசொல்பவராகவும் மற்றவர்கள் இயேசுவும் பெண்ணும் சீடர்களுமாகவும் பிரித்து உரக்க வாசியுங்கள். பிள்ளைகள் உள்ள வீட்டில் பார்வையற்றவரின் பகுதி மிக எளிதாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு வாரம் முழுவதற்கும் ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்; நாளுக்கொரு வசனம் வேண்டாம். ஒப்புரவு அருளடையாளத்துக்குப் போவதைப் புனித வாரம்வரை தள்ளிவைக்காமல் நான்காம் வாரத்திலேயே போய்விடுவது நல்லது. பாவசங்கீர்த்தனத் தொட்டியின் முன் நீண்ட வரிசையில் நின்றுகொண்டு ஆன்ம ஆய்வு செய்வது பலருக்கு முடிவதில்லை.

இன்னும் ஒன்றை வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பங்கிலோ மறைமாவட்டத்திலோ இந்த பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறப்போகும் வயது வந்தவர்கள் இருக்கிறார்களா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். மூன்று, நான்கு, ஐந்தாம் ஞாயிறுகளில் திருப்பலியின்போது அவர்களுக்காகச் சிறப்பு மன்றாட்டுகளும் தீமையிலிருந்து விடுவிக்கும் செபமும் சொல்லும் சடங்கு 1972-இல் வெளிவந்த வளர்ந்தோர் திருமுழுக்குச் சடங்கு நூலில் இருக்கிறது. அவர்களுடைய பெயர்களைத் தெரிந்துகொண்டு, நோன்பிருக்கும் வெள்ளிகளில் அந்தப் பெயர்களைச் சொல்லி உங்கள் வீட்டில் செபியுங்கள்; பாஸ்கா இரவில் அவர்கள் திருமுழுக்குத் தொட்டியருகே வரும்போது நீங்களும் அங்கே இருங்கள்.